சந்தனம் வைத்த இயந்திரம்

சுட்டுப்போட்டாலும் எனக்குப் பொய் வராது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி, பெயர் பிரவீனா.

சாயம் ஏற்றிய டி.என்.ஏ. இழைகளை உப்புநீரில் கலந்து, ஓர் இயந்திரத்தில் தொண்ணூறு டிகிரிக்குச் சூடேற்றி, இரண்டு நாள் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, ஒளியைப் பிடிக்கும் நுண்ணிய கூடாகத் தானே கட்டிக்கொள்ளும். நடுவில் அணைத்தால் எல்லாம் குழம்பிவிடும்.

நான் ஓடவிட்டிருந்த இரண்டு நாளுக்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது என் வழிகாட்டி தீனதயாளன் சார் இயந்திரத்தை அணைத்து, மூடியைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கும் ராஜம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"சார், ஏனுங்க அணைச்சீங்க!"

"மெஷினுக்கும் ஒரு நாள் லீவு வேணுமில்ல சாமி. அதான் தானா கூடிக்கும்னியே, கூடட்டும்" என்று சிரித்தார். பளாரென்று அறையத் தோன்றியது. கும்பிட்டுவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டேன்.

கெட்டுப்போன இழைகள் அரசு நிதியில் வாங்கியவை. யார் அணைத்தது என்று கல்லூரி முதல்வர் எங்கள் மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"துடைக்கறப்ப ராஜம்மாதான் அணைச்சிருச்சு" என்றார் சார், கண் இமைக்காமல்.

"நான் தொடவே இல்லீங்க! பிரவீனா சாமி, நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க சாமி."

அந்த அம்மாளுக்கு இந்த வேலை போனால், அதே கல்லூரியில் இலவசமாகப் படிக்கும் மகள் அபிநயாவின் படிப்பும் போகும். எனக்குத் தெரியும். என் ஆய்வேட்டில் சார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் தெரியும்.

"ஆமாங்க சார், அக்காதான் அணைச்சாங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

அடுத்த மாதம் புது இழைகள் வந்தன. இரண்டு நாள் யாரையும் கிட்ட விடவில்லை. இந்த முறை கூடு கட்டிக்கொண்டது, ஒளியையும் பிடித்தது. சார் எனக்கு லட்டு ஊட்டினார்.

அன்று மாலை ஆய்வக வாசலில் அபிநயா நின்றிருந்தாள். கையில் மாற்றுச் சான்றிதழ்.

"அம்மா கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்கக்கா. உங்க வெளிச்சம் வந்துருச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற ஆறுதலாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை.

"வந்துருச்சு" என்றேன்.