முதலாளி ஆட்டிப் பார்த்த கட்டில்

குழந்தைக் கட்டில் செய்யும் பட்டறையின் முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. கொள்கை இல்லாதவரைத் தொழில்முனைவோர் கூட்டங்களில் பேசக் கூப்பிடமாட்டார்கள். தன் கையால் மூன்று முறை ஆட்டிப் பார்த்து, அடிப்பலகையில் கையெழுத்துப் போடாமல் ஒரு கட்டிலும் வெளியே போகாது என்பதே அது. ஏழு வருடமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை என்பதையும் மேடைக்கு மேடை சொல்லுவார். கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு கட்டில் திரும்பி வந்தது. பக்கச் சட்டம் கழன்று தொங்கியது; இரண்டு போல்ட் இல்லை. "நல்லவேளை, குழந்தை என் மடியில இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அதன் தகப்பன் போய்விட்டான். கத்தியிருந்தால் தேவலை. அடிப்பலகையில் முதலாளியின் கையெழுத்து கொக்கியும் சுழியுமாக அமர்க்களமாக இருந்தது.

போட்டது அவருக்கு நினைவில்லை. அந்த வாரமே நினைவில்லை. அந்த வாரம் போனவை முப்பத்தொரு கட்டில்கள். மீதி முப்பது வீடுகளில் குழந்தைகள் இந்நேரம் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். உள்ளங்கை வியர்த்தது. வியர்த்தால் எல்லா முதலாளிகளும் செய்வதையே அவரும் செய்தார்.

"போல்ட் போடாதவன் யாரு?"

"அதை அப்புறம் பாக்கலாம் சார். பாக்காதவரு யாருன்னு முதல்ல பாப்போம்," என்றாள் சூப்பர்வைசர். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"நான் பாக்காம கையெழுத்துப் போடுவேனா?"

"போடமாட்டீங்க. இதை ஆட்டிப் பாருங்க."

ஒரு புதுக் கட்டிலை நகர்த்தி வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பேனாவைத் திறந்து, குனிந்து, போட்டார். நிமிர்ந்தபோது ரம்பச் சத்தம் நின்றிருந்தது. அவள் உள்ளங்கையை விரித்தாள். இரண்டு போல்ட்.

"எப்ப எடுத்த?"

"உங்க எதிர்லதான் சார். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க, ஸ்பானர் வச்சுக் கழட்டினேன். என்னம்மா பண்றேன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நெனச்சேன்."

மெருகு போடுகிறவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

முப்பது வீட்டுக்கும் தானே போன் செய்வதாக முதலாளி உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டுக்கு இரண்டு முறை செய்தார். அந்த வீட்டுக்காரி திட்டியதும் சூப்பர்வைசர் போனை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கட்டிலிலும் ஒரு போல்ட் இல்லை. அதில் படுக்க வேண்டிய குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஆள் போய் மாட்டிவிட்டு வந்தான்.

மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"தண்ணி வத்தின பாத்திரம் நீங்க. அடுப்பை அணைக்காம கிளறிக்கிட்டே இருக்கீங்க," என்றார் டாக்டர். "ஒரு மாசம் பட்டறைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

"எங்கயாவது தலைவச்சுப் படுத்தாத்தானே டாக்டர்," என்றாள் மனைவி.

முதல் வாரம் வீட்டிலிருந்த மேசை, நாற்காலி, பீரோ எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். "என்னை விட்டுடுங்க, நான் உறுதியாத்தான் இருக்கேன்," என்றாள் மனைவி. பன்னிரண்டாம் நாள் கண் விழித்தபோது மணி பத்தரை. போனில் ஒரு அழைப்பும் இல்லை. எழுந்து உட்கார்ந்த கையோடு சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"என்னாச்சு? ஏன் யாருமே பேசல?"

"பேச ஒண்ணும் இல்ல சார். ஒரு கட்டில்ல விரிசல். நிறுத்தி வச்சிட்டோம்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"மெருகு போடறவன்."

கூரையைத் தான்தான் தாங்குவதாகப் பல்லி நினைத்துக்கொள்ளுமாம். கையை எடுத்துப் பார்த்த பல்லிக்கு நிம்மதிக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது.

"நான் எப்ப வரட்டும்?"

"எப்ப வேணா வாங்க. வாசல்லயே ஒரு கட்டில் வச்சிருப்போம். அதுல என்ன குறைன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

அவர் கண்ணை மூடி அந்தக் கட்டிலை நினைத்துப் பார்த்தார். சட்டம், பலகை, கால்கள். எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்தது.

"இன்னும் பத்து நாள் ஆகட்டும்மா," என்றார்.