கதவு வழியாகத்தான் வருவேன்

போன கோடையில் ஊர்ஹோ தன் ஏரிக்கரை மரக்கட்டை வீட்டைச் சுற்றி மரத்தளம் போட்டான். அந்த வீட்டுச் சுவர்களை அடுக்கியவன் அவன் மனைவியின் அண்ணன் தாவெத்தி. தளத்தின் தூண்களுக்கு ஆழமாகக் குழி தோண்டச் சொன்னவனும் அவன்தான். ஊர்ஹோ முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, பலகைகளை வாசற்படிக்குச் சமமாகப் பதித்தான்.

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மே மாதம் இருவரும் வந்தார்கள். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அடிவிளிம்பு பலகையில் முட்டி நின்றது. ஊர்ஹோ ஜன்னல் வழியாக உள்ளே ஏறிப்போய்த் தோளால் இடித்தான். தோள்தான் வலித்தது.

“மாப்ளே, குளிர்ல உறைஞ்சு உப்பின மண்ணு தூணைத் தூக்கிடுச்சு. உன் தளம் ஏறிடுச்சு,” என்றான் தாவெத்தி, வெளியே கரியடுப்பை மூட்டியபடி.

“ஏறல. உன் சுவருதான் இறங்கிடுச்சு. புதுக்கட்டை காய்ஞ்சா சுருங்கி இறங்கும்னு நீதானே சொன்ன?”

“அதுக்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டினேன். ஜன்னல் வழியா வா, சாப்பிடலாம்.”

“வந்தா கதவு வழியாத்தான் வருவேன்.”

“அப்ப பலகையை அறுக்கட்டா?”

“தொட்டே, கையை ஒடிப்பேன்.”

தாவெத்தி அடுப்பிலிருந்த இறைச்சி சாசேஜைத் திருப்பிப் போட்டான். கொழுப்பு சொட்டிச் சுர்ரென்றது. வாசனைக்கு ஜன்னலே போதும். அரை மணி நேரம் கழித்து ஊர்ஹோவின் தலை வெளியே நீண்டது.

“மச்சான், கொஞ்சம் ஏறின மாதிரிதான் தெரியுது.”

“எது?”

“தளம்தான்யா. ரம்பத்தை எடு. தொட்டுக்கக் கடுகு விழுது கொண்டாந்தியா?”