அம்சத்தின் சைக்கிளும் ஒன்பதாவது வீடும்

சைக்கிளில் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிவிடலாம். இரண்டைக்கூடக் கட்டலாம். ஆனால் ஆறு ஜாக்கெட், ஒரு மிதவை வளையம், முப்பது மீட்டர் நைலான் கயிறு, முதலுதவிப் பெட்டி, கைமைக், அதற்கும் மேலே ஆள் நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரெச்சர், இத்தனையையும் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஏற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. அம்சத்துக்கு அன்று காலை எட்டு மணிக்கே தெரிந்துவிட்டது.

அம்சம் நூறுநாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். போன வருஷம் அவளைக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, முதுகில் ‘மீட்பாளர்’ என்று எழுதிய ஆரஞ்சு மேல்கோட்டு ஒன்றையும் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தால் படுகையில் இருக்கும் ஒன்பது வீட்டுக்காரர்களையும் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவள் பொறுப்பு. கொள்ளிடத்துக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் பள்ளம்தான் படுகை. அங்கே வாழை அமோகமாக வரும். தண்ணீரும் அமோகமாக வரும்.

முக்கொம்பு அணையில் திறந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் படுகையில் ஏறிவிடும் என்று காலையில் போன் வந்தது. வாழைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் காரும் நுழையாது, ஆட்டோவும் நுழையாது. கரையில் நின்றே மைக்கில் கூவிவிடலாம் என்றால், முந்தின நாள் சோதித்துப் பார்த்த மகராசி அதை அணைக்க மறந்துவிட்டாள். பேட்டரி காலி. அந்த மகராசி வேறு யாருமில்லை, அம்சமேதான். ஆகவே யாரையும் திட்ட வழியில்லாமல் சைக்கிளை எடுத்தாள்.

ஸ்ட்ரெச்சர்தான் வம்பு பிடித்த சாமான். பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டு நீளக் கம்பு, மடக்க முடியாது. நைலான் கயிறு ஆளை இழுக்க வேண்டிய கயிறு, அதை எடுக்கக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, கம்புகளைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டினாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் ஏது?

முதல் வீடு குந்தவையின் வீடு. வாசலுக்கு வெளியே அம்சம் சைக்கிளை ஸ்டாண்ட் போடப் பார்த்தாள். பின்பாரம் இழுத்து முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. சரி, இது ஆகாது என்று ஒரு காலைத் தரையில் ஊன்றி, இறங்காமலே நின்றாள். உள்ளே வா என்றாள் குந்தவை. நேரமில்லை என்றாள் அம்சம். தண்ணீராவது குடி என்றாள். வேண்டாம் என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் உடனே மேலே கிளம்புங்கள் என்றாள்.

நம் பக்கத்தில் துக்கம் சொல்ல வருகிறவர் இப்படித்தான் வருவார். வாசலைத் தாண்டமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லமாட்டார். போதாததற்குப் பின்னால் வெள்ளைத் துணி சுற்றிய பச்சைக் கம்புகள். அதற்கும் மேலே, அம்சத்தின் அப்பா நல்லக்கண்ணு நாற்பது வருஷம் இந்த ஊர்ச் சாவுகளையெல்லாம் ஊர் ஊராகச் சொல்லி வந்தவர். இதற்குமேல் குந்தவைக்கு என்ன வேண்டும்? கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

யார் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கரைக்கு மேலே மேலூரில் கண்ணுசாமி வாத்தியார் ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியாயிற்று. ஊரே காத்துக்கொண்டிருந்தது. குந்தவை வாத்தியார் மாமாவைச் சொல்லி ஒப்பாரி வைத்ததும் அடுத்த வீட்டில் அடுப்பை அணைத்தார்கள், அதற்கடுத்த வீட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அம்சம் வெள்ளம் வெள்ளம் என்று கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. கால் மணி நேரத்தில் எட்டு வீடும் பூட்டு.

அம்சத்துக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. அப்பா வெயிலில் பத்துப் பதினைந்து மைல் மிதித்துப் போய்ச் சேதி சொல்வார். ஒரு வீட்டிலும் உட்கார் என்று சொன்னதில்லை. சம்பிரதாயம் என்று சொல்லிக்கொள்வார்கள். மற்ற நாளில் போனாலும் உட்கார் என்று சொன்னதில்லையே, அது என்ன சம்பிரதாயம்? இந்த வேலை என்னோடு ஒழியட்டும் என்றுதான் அவர் அம்சத்தைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். கடைசியில் ஆரஞ்சுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தும் நல்லக்கண்ணு மகள் துக்கம்தான் சொல்ல வந்திருக்கிறாள்.

அழுதுகொண்டே கரையேறிய கூட்டம் அங்கே திடுக்கிட்டு நின்றது. கரைமேல் கண்ணுசாமி வாத்தியார், பிள்ளை வாங்கிவந்த பனியனைப் போட்டுக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் மனிதருக்கு உடம்பு தேறிவிட்டது. கும்பலாக எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். குந்தவை மூக்கைச் சிந்திக்கொண்டு, சும்மா மாமா, உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தோம் என்றாள்.

நல்லவேளை, அதற்குள் எல்லாரும் திரும்பி ஆற்றைப் பார்த்துவிட்டார்கள். செம்மண் நிறத்தில் முழு மரங்கள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அதற்குமேல் யாரும் படுகைக்குத் திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை. அம்சம் தலைகளை எண்ணினாள். எட்டு வீட்டு ஆட்கள் இருந்தார்கள். ஒன்பதாவது வீட்டுப் பஞ்சநதத்தையும் அவர் மனைவி வள்ளியம்மையையும் காணோம்.

குந்தவை சொன்னபிறகுதான் விஷயம் புரிந்தது. பஞ்சநதத்துக்கும் சாவுச் சேதி போயிருக்கிறது. கண்ணுசாமியும் அவரும் பங்காளிகள். ஒரு முழ வரப்புக்காக இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கண்ணுசாமி முகத்தில் விழிக்கக்கூடாது என்றே ஊரிலிருந்த வீட்டை விட்டுப் படுகையில் போய்க் கட்டிக்கொண்டவர் பஞ்சநதம். அவன் சாவுக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அம்சம் சைக்கிளோடு மறுபடி படுகையில் இறங்கினாள். இந்தத் தடவை பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அவளுக்கு நீச்சல் தெரியாது. பயிற்சியில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பஞ்சநதம் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வள்ளியம்மை பையைக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். சாவு இல்லை, வெள்ளம்தான் என்று அம்சம் வாசலில் நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பஞ்சநதம் அசையவில்லை. எழுபத்தேழில் வந்த தண்ணீரையே பார்த்தவன் நான், நல்லக்கண்ணு மகள் எனக்குத் தண்ணீர் காட்டுகிறாயா, போ போ என்றார். மேலே போனால் பள்ளிக்கூடத்தில் அந்தக் கண்ணுசாமி வந்து நின்று சிரிப்பான், அதற்கு இங்கேயே கிடக்கலாம் என்றார். நீ கிளம்பு என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். வள்ளியம்மை தலையை ஆட்டினாள். அவரை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

வாசல்படியில் தண்ணீர் ஏறியது. அம்சத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றினாள். அப்பா நிற்பதுபோலவே நின்றாள். அப்பாவின் குரலிலேயே ஆரம்பித்தாள்.

“ஐயா, ஒரு துக்கச் சேதிங்க. படுகை பஞ்சநதம் ஐயா தவறிட்டாங்க.”

பஞ்சநதம் வாயைப் பிளந்தார்.

“இன்னைக்கு மத்தியானம், தண்ணியில. கூட அம்மாவும். எடுப்பு எப்பன்னு தெரியலைங்க, உடம்பு கெடைக்கணும். பங்காளி முறைக்குக் கண்ணுசாமி வாத்தியார்தான் மொத ஆளா வராரு. படுகையில வீடு கட்டாதடான்னு அன்னைக்கே சொன்னேனேன்னு நாலு பேரு முன்னால சொல்லப் போறாரு. ஐயாவால பதில் சொல்ல முடியாதுங்க.”

வள்ளியம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“பசங்களுக்குச் சொல்லியாச்சா?”

பஞ்சநதம் எழுந்தார். செத்ததைவிடக் கண்ணுசாமி பேசப்போவதுதான் அவரை உலுக்கிவிட்டது. செருப்பைத் தேடினார். அது ஏற்கெனவே முற்றத்தில் மிதந்துகொண்டிருந்தது.

முட்டிவலிக்காரரான அவரால் தண்ணீரில் நடக்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் படுங்கள் என்றதும், உயிரோடு இருக்கும்போதே பாடையில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். முதலுதவிப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவரைக் கேரியரில் உட்காரவைத்து, ஜாக்கெட்டை மாட்டி, மிதவை வளையத்தை வேறு எங்கும் வைக்க இடமில்லாமல் அவர் கழுத்திலேயே போட்டாள் அம்சம். மூன்று பேர் இடுப்பிலும் நைலான் கயிறு. வள்ளியம்மை ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அரசாங்கச் சாமானை விட்டுவிட்டு வந்தால் அம்சத்தைத்தானே கேட்பார்கள் என்றாள். முழங்கால் அளவு தண்ணீரில் அம்சம் சைக்கிளைத் தள்ளிய தள்ளல் அவள் ஆயுசுக்கும் மறக்காது.

கரைமேல் கண்ணுசாமி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலைபோல வளையத்தோடு வந்த பங்காளியை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கப் பக்கத்தில் திரும்பி வெற்றிலையைத் துப்பினார். பஞ்சநதம்தான் முதலில் பேசினார்.

“ஒன் சாவுக்கு வரலைடா. என் சாவுக்குத்தான் வந்தேன்.”

இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் முதல் பேச்சு அதுதான். மூன்று மணிக்குப் படுகை வீட்டு ஜன்னல்வரை தண்ணீர் நின்றது.

பள்ளிக்கூடத்தில் டீ போட்டார்கள். ஈரச் சேலையோடு அம்சம் வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்று சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சநதம் நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் வாத்தியார் நாற்காலி ஒன்றைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்தார். வாசலுக்கு உள்ளே போட்டார்.

“உள்ள வந்து உக்காருங்க.”

அம்சம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. நாற்பத்தாறு வயதில் அந்த வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் ‘ங்க’ அது. துக்கம் சொன்ன வீட்டுக்காரர் கையால் எதுவும் குடிக்கக்கூடாதுங்களே என்றாள். அவளுக்கும் கொஞ்சம் கிண்டல் உண்டு.

“செத்தவனே கொண்டாந்து குடுக்கறேன். குடிங்க.”

அம்சம் உள்ளே போய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டாள். ஒரு மடக்குக் குடித்தாள். பஞ்சநதம் போகாமல் எதிரிலேயே நின்றார்.

சீனி கொஞ்சம் கம்மி என்று டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போனார்.