ஃபில்மோரின் தொட்டி

மில்லர்ட் ஃபில்மோர் அமெரிக்காவின் பதின்மூன்றாவது அதிபர். பிறந்தது எங்கள் ஊர்ப் பக்கம். வெளியூரில் பெயரைச் சொன்னால் மருந்துக்கடை முதலாளியா என்று கேட்பார்கள். வெள்ளை மாளிகையில் முதன்முதலில் குளியல் தொட்டி வைத்தவர் இவர்தான் என்று ஒரு பத்திரிகைக்காரர் வேடிக்கைக்கு எழுதிவைத்தார். முழுப் பொய். அதனால் என்ன, கோடைதோறும் அவர் பெயரில் தொட்டிக்குச் சக்கரம் வைத்துத் தெருவில் ஓட்டுகிறோம்.

மூன்றே தொட்டிகள். நான் முப்பது என்று சொல்வது வழக்கம். ஒருவர் தண்ணீரில் உட்கார, ஒருவர் தள்ள வேண்டும். முடிவுக்கோட்டைத் தாண்டும்போது உள்ளே தண்ணீர் மிஞ்ச வேண்டும். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஜெயித்தவர் விளிம்பில் கைவைத்து "தண்ணி இருக்கு" என்றால் போதும். ஆக்ஸ்போர்டு தர வந்த கௌரவப் பட்டத்தை, லத்தீனில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று மறுத்த ஃபில்மோரின் ஊரில் வேறென்ன சாட்சி வேண்டும்? இந்த வருடப் பந்தயத்தன்று காலைகூட மேடையேறி இதை உருக்கமாகப் பேசியவன் நான்தான்.

ஒன்பது வருடமாகப் பக்கத்து வீட்டு எல்டன் முதலாவது, நான் இரண்டாவது. அவன் கோப்பைகளை எங்கள் சமையலறைக்கு நேராகத் தன் ஜன்னலில் அடுக்கியிருந்தான். அடுத்த வருடம் தள்ள மாட்டேன் என்று என் மனைவி லோர்னா வேறு சொல்லிவிட்டாள்.

"யோவ் பெர்ட், போன வருஷத்தைவிட ஒரு பன்னிக்குட்டி எடை கூடியிருக்க."

"பேசாம தள்ளு."

பாதி வழியில் தொட்டி பறந்தது. ஒரு புறா பின்தங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். எல்டனைத் தாண்டினோம், கோட்டையும் தாண்டினோம். அப்போதுதான் கீழே காற்று சில்லென்று பட்டது. தொட்டியின் அடி ஓட்டையில் இருந்த அடைப்பான் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

நடுவர் தெல்மா கோப்பையோடு வந்தாள். "கைய வச்சுச் சொல்லு பெர்ட்."

வைத்தேன். பள்ளிப் பேருந்தைப் பனியில் மாதாகோயில் கூரைமேல் ஓட்டியதாக நாற்பது வருடம் சொன்னவன் நான். இரண்டு வார்த்தைதான். லோர்னா முகம் தக்காளியாய்ச் சிவந்து மின்னியது. ஆனாலும் அந்த லத்தீன் பட்டம் தொண்டையில் குறுக்கே நின்றது.

"தெல்மா, இதுல ஒரு தவளைக்குக்கூடக் கால் நனையாது."

லோர்னா தலையில் கைவைத்தாள். தெல்மா எல்டனிடம் திரும்பினாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"என்னப் பாக்காத. நான் ஒன்பது வருஷமாக் கிளம்பும்போதே அடைப்பானப் பிடுங்கிடுறேன். பாவி, உன்னால என் வாயும் திறந்துருச்சு."

லோர்னா சிரித்துச் சிரித்து நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து மூன்றாவது தொட்டியோடு ப்ரூயிட் சகோதரிகள் குடைபிடித்தபடி, ஆப்பிள் பணியாரம் தின்றுகொண்டு, தண்ணீர் தளும்பத் தளும்ப வந்து சேர்ந்தார்கள். கோப்பை அவர்களுக்கு.

சாயங்காலம் எல்டன் பழைய கோப்பைகளைத் தொட்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"எடுத்துத் தொலை. அந்த வருஷமெல்லாம் உன் தொட்டியிலதான தண்ணி இருந்துச்சு."

இப்போது அவை எங்கள் ஜன்னலில், அவன் வீட்டைப் பார்த்து இருக்கின்றன. அடுத்த வருடமும் தள்ளுகிறேன் என்கிறாள் லோர்னா. எழுத்திலாவது உண்மை இருக்கட்டும் என்று கோப்பைகள் ஒன்பது என எழுதுகிறேன். ஊரில் தொண்ணூறு என்றுதான் சொல்லிவருகிறேன்.