டாக்டர் கேட்ட பெயர்

“ஆத்தா, மறந்துபோனதெல்லாம் எங்கிட்டுப் போயிருக்கும்?” என்று மகள் உண்ணாமலை ஒருநாள் கேட்டாள். மூளைக்காய்ச்சலில் பிழைத்தெழுந்த செவந்தி, குழம்பில் மறுபடியும் உப்பைப் போட்டுவிட்டுத் திகைத்து நின்ற நேரம் அது.

“சாமிகிட்ட பத்திரமா இருக்கும்டி” என்றாள் செவந்தி.

புருஷன் ரத்தினவேலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. காய்ச்சல் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவனுக்கு ஆண்பிள்ளை வேண்டும்; பெண்கூடப் பார்த்தாயிற்று. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டப் புதுச் சட்டம் விடாது. இவளுக்குத் தீராத பைத்தியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் கல்யாண பந்தத்தை அறுத்துவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

“தலைவலிக்கு மருந்து வாங்கிட்டு வருவோம், கெளம்பு” என்று டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் பட்டணத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர். கோர்ட்டுக்குச் சீட்டு வேண்டுமென்று ரத்தினவேல் அவரிடம் முன்பே தனியாகச் சொல்லிவைத்திருந்தான்.

“காலையில என்ன சாப்பிட்டே?”

“நெனப்பு வரலைங்க.”

“உன் புருஷன் பேரு என்ன?”

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ரத்தினவேலுக்கு இது தெரியும். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கட்டினவன் பேரே தெரியலையா? சரி, தீராத பைத்தியம்னே எழுதிடறேன். கோர்ட்டுக்கு இது போதும்.”

கோர்ட்டா! செவந்திக்கு விளங்கிவிட்டது. உண்ணாமலை இனி யார் கையில் சோறு வாங்கித் தின்னும்?

“எழுதாதீங்கய்யா. தெரியும். ரத்தினவேலு. மாமனாரு மலையாண்டி. அதையும் எழுதிக்கிடுங்க.” உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முருகா, அவுகளுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது.”

ரத்தினவேல் துள்ளி எழுந்தான். “பாத்தீங்களா! புருசன் பேரு, மாமனாரு பேரு எல்லாத்தையும் வாய்கூசாமச் சொல்றா. பைத்தியம் இல்லாம வேற என்னங்க?”

டாக்டரின் பேனா நின்றது. சொல்லாததற்கு அவர் வைத்த பெயரையே சொன்னதற்கு இவன் வைக்கிறான்.

“பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் சும்மா இருந்தீங்களா?”

ரத்தினவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவளை விட்டுவிட்டுத் தனியே பஸ் ஏறிவிட்டான்.

மத்தியானம் ஆஸ்பத்திரி காலியானது. செவந்தி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தாமே வந்து புதுச் சீட்டை வாசித்துக் காட்டினார். “காய்ச்சலால் வந்த மறதி. பைத்தியம் இல்லை.”

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

“எதுக்குங்க?” என்றாள். உண்மையாகவே மறந்திருந்தாள்.

டாக்டர், அவள் ஊருக்குப் போகும் ஆலங்குடி பஸ் நிற்கும் இடம்வரை வெயிலில் அவளோடு நடந்தார்.