மெர்வ் போட்ட குழாய்

வலையின் வாயைத் தூக்கும்போதே உள்ளே கனத்த சரக்கு என்று மெர்வுக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் ஆழத் தண்ணீரில் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் இழுத்துக் கரையில் போட்டார். அவர் முன்கை பருமனில், கன்னங்கரேலென்று மூன்று விலாங்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் புரண்டன. இரைக்கென்று ஓட்டை போட்டு வைத்த பூனைத்தீனி டப்பா ஓரமாக உருண்டு கிடந்தது.

“பாத்தியா?” என்றார் மூச்சு வாங்க. “ஓடை செத்துப்போச்சு, ஓடை செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் ஒப்பாரி வச்சியே. இதுங்களப் பாத்தா செத்த மாதிரியா தெரியுது?”

கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த மெரியானா நோட்டைப் பிரித்தாள். இடது கை தூளியில் தொங்கியது. தோள்பட்டை இறங்கி ஒரு வாரம் ஆகிறது. அவளுடைய ஓடைக்குழுவில் ஒன்பது பேரும் ஒரு நாயும் உண்டு. கரையில் மரம் நடுவார்கள், மாடு இறங்காமல் வேலி போடுவார்கள், எலிப்பொறி வைப்பார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை மீன் எண்ணுவார்கள். மெர்வ் அதில் உறுப்பினர் இல்லை. ஓடைக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பது அவர் கட்சி. இன்று வந்தது மெரியானாவின் தோளுக்காக. சின்ன வயதில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அறுபத்தாறு வயதிலும் அவள் ‘வா’ என்றால் ‘எதுக்கு’ என்று கேட்டுக்கொண்டே வண்டிச் சாவியை எடுக்கிற பழக்கம் அவருக்கு விடவில்லை.

கிராம்பு எண்ணெய் கலந்த வாளியில் விட்டதும் விலாங்குகள் சொக்கிப்போயின. ஒவ்வொன்றாக எடுத்து அளவுப்பலகையில் நீட்டி மெர்வ் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்னார். அவள் எழுதினாள். தொண்ணூற்றெட்டு. நூற்றுப் பதினொன்று. அடுத்த வலையில் இரண்டு, அதற்கடுத்ததில் இரண்டு. எழுபத்தொன்றுக்குக் கீழே எதுவும் இல்லை.

“எல்லாமே ராட்சசிங்க” என்றார் மெர்வ் பெருமையாக, ஏதோ தானே வளர்த்தது போல.

“ஆமா. எல்லாமே பெருசு.” மெரியானா பென்சிலைக் காதில் செருகினாள். “நேத்து மாட்டுப்பாதைக் குழாய்க்குக் கீழ்ப்பக்கம் வச்ச வலையில இருபத்தி மூணு வந்துச்சு. எல்லாம் என் விரல் நீளம். இங்க ஒரு பொடிசுகூட இல்ல. புள்ளைங்களே இல்லாத வீடு மாதிரி இருக்குல்ல?”

“குளிர்ந்த தண்ணி. அதுங்களுக்குப் புடிக்காம இருக்கும்.”

“இருக்கும்.” அவள் நோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “அந்தக் குழாய எப்ப போட்ட?”

“தொண்ணூத்தெட்டாம் வருசம். வெள்ளத்துல மரப்பாலம் போச்சே, அதுக்கு அடுத்த வருசம். இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, எத்தன வெள்ளம் பாத்திருக்கும், ஒரு…” அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

கையில் இருந்த விலாங்கு மெதுவாக வாய் திறந்து மூடியது. அதற்கு எத்தனை வயது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இருபத்தைந்துக்கு மேலே என்பது சட்டென்று தெரிந்தது. மேற்புறத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் கடலில் பிறந்து, குஞ்சாக, குழாய் போடுவதற்கு முன்னால் ஓடையேறி வந்தது. பின்னால் எதுவும் வரவில்லை.

பண்ணைப் பாதைக்கு அடியில் ஓடையை விடும் அந்தக் குழாய்தான் அவர் சொந்தமாகப் பொக்லைன் வாங்கிச் செய்த முதல் வேலை. அந்தப் பண்ணையின் பெரியவர் கீத் அன்றைக்குத் தோளில் தட்டி, “இது நாம செத்தாலும் நிக்கும்” என்றார். கீத் போய்ச் சேர்ந்துவிட்டார், குழாய் நிற்கிறது. பண்ணையைப் பார்த்துக்கொள்வது இப்போது மகள் ஷோனா. தினமும் இருநூறு பசுக்களும் பால் லாரியும் அதன்மேல்தான் போய்வருகின்றன.

“உனக்கு முன்னாடியே தெரியும்” என்றார் மெர்வ்.

“ரெண்டு வருசமா.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“எப்படிடா சொல்றது? வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அந்தக் குழாயக் காட்டுற ஆளு நீ.”

“அதனால வலை போட்டு என்னையும் புடிச்சுட்ட.” விலாங்கைத் தண்ணீரில் விட்டார். அது உடம்பை ஒரு சுழற்று சுழற்றி வேருக்கடியில் போய் மறைந்தது. மெர்வ் அவளை வீட்டில் இறக்கிவிட்டார். பொரித்த ரொட்டி சாப்பிட்டுப் போ என்றதற்கும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பத்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மெரியானா இரண்டு தடவை போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமன்மார்கள் காலத்தில் அவர்கள் மராயில், குலத்தின் பொதுக்கூடத்தில், துக்க விருந்தென்றால் பந்தியில் விலாங்கு இருக்கும். மீன் குறைகிறதென்று பிடிப்பதை நிறுத்தச் சொன்னவளே அவள்தான். அப்போது சொந்தக்காரர்கள் பேசியதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். மெர்வ் பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

மெர்வ் ஒரு சாயங்காலம் தனியாகக் குழாயடிக்குப் போனார். ஜனவரி மாதம், அங்கே நடுக்கோடை, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் இரண்டடி கீழே குட்டையில் கொட்டியது. போட்டபோது தரையோடுதான் போட்டார். கொட்டிக் கொட்டி அடியில் மண் அரித்துப்போயிருக்கிறது. குனிந்து பார்த்தவருக்கு, குழாயின் ஈரமான விளிம்புக்குக் கீழே பாசி அசைவது போலிருந்தது. பாசியில்லை. தீக்குச்சி கனம்கூட இல்லாத விலாங்குக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், சிமெண்டில் ஒட்டிக்கொண்டு ஏறின. விளிம்பு உள்ளே வளையும் இடம்வரை வந்து, தொற்ற இடமில்லாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உதிர்ந்தவை மறுபடியும் ஒட்டிக்கொண்டன. வடக்கே எங்கோ டோங்கா தீவுகளின் கடலில் பிறந்து அத்தனை தூரம் வந்தவை.

உள்ளங்கையை விளிம்புக்கு அடியில் வைத்தார். ஏழெட்டு அதில் ஏறின. குழாய்க்கு மேற்புறம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுபடி வைத்தார். கண் தெரியாமல் போகும்வரை அதைச் செய்தார்.

மறுநாள் விடியலில் ஷோனாவின் பால் கொட்டகையில் போய் நின்றார். “காலையில கறந்து மாடு ஓடைக்கு அந்தப்பக்கம் போனப்புறம், திரும்ப எத்தன மணிக்குக் கறவைக்கு வரும்?”

“நாலு மணிக்கு. ஏன் அங்கிள்?”

“எட்டுலருந்து நாலு. ஒரே நாளு உன் பாதைய எனக்குக் குடு.”

குழாயை மாற்றக் கவுன்சில் அனுமதி வர மூன்று வாரம் ஆனது. மெர்வின் கொல்லையில், எப்போதோ நின்றுபோன ஒரு வேலைக்கு வாங்கிய பெரிய குழாய்த் துண்டுகள் மூன்று, முட்புதர் மூடிக் கிடந்தன. உள்ளே ஆள் குனிந்து நடக்கலாம். புதரை வெட்ட ஓடைக்குழு முழுக்க வந்தது, நாய் உள்பட. மெர்வ் மெரியானாவுக்கு முகம் கொடுக்காமலே கத்தரிக்கோலை நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவில் சமாதானம் ஆகிவிட்டது.

வேலை நாளன்று மண் மூட்டை அடுக்கி ஓடையைப் பக்கத்தில் திருப்பினார்கள். குட்டையில் மாட்டிய மீன்களை வாளியில் அள்ளிக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். பதினோரு மணிவரை எல்லாம் கணக்காக நடந்தது. அப்புறம் பழைய குழாய் அசையவில்லை. அன்றைக்கு மெர்வ் அதன் இரண்டு முனையிலும் கான்கிரீட் கொட்டியிருந்தார், ஆயுசுக்கும் நிற்கட்டும் என்று. பொக்லைன் உறுமியது, பின்சக்கரப் பட்டை தரையைவிட்டு எழும்பியது. குழாய் வரவில்லை.

“யாருய்யா இத இவ்ளோ உறுதியாப் போட்டது?” என்றாள் மெரியானா கரையிலிருந்து.

“யாரோ ஒரு முட்டாப்பய” என்றார் மெர்வ். ஒன்பது பேரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப்போய்ச் சம்மட்டியை எடுத்தார்.

தான் கட்டியதைத் தானே உடைப்பது இத்தனை கஷ்டம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. முதல் பத்து அடியில் கை கூசியது. அதற்கப்புறம் ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். இரண்டு மணிக்குப் பழசு துண்டு துண்டாக வெளியே வந்தது. நாலு மணிக்குப் புதுசின் கடைசித் துண்டு இன்னும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மடி கனத்த இருநூறு பசுக்களும் கதவருகே வந்து நின்று ஒரே குரலில் கத்தின.

“அங்கிள், மாடுங்க சத்தியமா இதுக்கு மேல நிக்காது!” ஷோனா இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றாள்.

“கத்தட்டும். எனக்குக் காது கேக்காது.” கடைசித் துண்டையும் மெர்வ் ஓடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் இறக்கினார், குழாய்க்குள்ளும் கூழாங்கல் தங்கும்படி. மண் தள்ளி, ஏறி மிதித்து, ஐந்தரைக்குக் கையசைத்தார். முதல் பசு புது மண்ணை மோந்து பார்த்து நின்றுவிட்டது. மெரியானா அதன் முன்னால் நடந்து அந்தப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அது ஒரு கால் வைத்தது, பிறகு மொத்தமும் திமுதிமுவென்று போயிற்று.

மண் மூட்டையைப் பிரித்து ஓடையைத் திருப்பிவிட்டபோது மற்ற எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தண்ணீர் கலங்கலாக உள்ளே நுழைந்து, கூழாங்கல்லைத் தடவி, அவசரமில்லாமல் மறுபக்கம் வந்தது. மெர்வ் பூட்ஸோடு குழாய்க்குள் போனார். தூளிக் கையை அணைத்துக்கொண்டு மெரியானாவும் குனிந்து பின்னால் வந்தாள்.

“குஞ்சுங்க ஒரே நாள்ல வராதுடா. மண் வாசனை போகணும். இந்த வருச ஏத்தமே முடிஞ்சுபோச்சோ என்னவோ.”

“சும்மா இரு.”

சுவரோரம், நீர் விரல்கடை ஆழமே ஓடுகிற இடத்தில், கறுப்பாக நூல் மாதிரி ஒன்று நீரோட்டத்தில் ஆடியது. வேர்த்துண்டாக இருக்கலாம். மெர்வ் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கால் வழுக்காமலிருக்க மெரியானா நல்ல கையால் அவர் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கறுப்பு நூல் ஒரு கூழாங்கல்லின்மேல் படிந்து அசையாமல் கிடந்தது. பிறகு தண்ணீர் வருகிற பக்கமாக ஒரு முனை மெல்ல நீண்டது.