டிஸ்கில் இல்லாத தீவு

தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் பழைய வீடியோ கேம் டிஸ்குகளை வாங்கி விற்பவன் ஜாய்சன். ஜனவரியில் ஒரு மத்தியானம், இனிகோ நகர் ஜெனிலா டிவியில் மாட்டி ஆடும் ஒரு கேம் பெட்டியையும் நாலு டிஸ்கையும் அவன் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அவள் புருஷன் ஜெனோ மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவன். நவம்பரில் தோணி கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். ஜெனோ உயிரோடு வரவில்லை.

"வீட்டுல இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல அண்ணாச்சி. எடுத்துக்கிடுங்க."

விலையைச் சொன்னதும் ஒரு டிஸ்கைக் காட்டி, "புதுசாத்தான இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் கொறைக்கிறீங்க?" என்றாள்.

"இந்த கேம்ல பாதி டிஸ்குலயே கெடையாது தங்கச்சி. மிச்சத்த நெட்டுல காசு கட்டி எறக்கணும். உங்க வீட்டுக்காரர் எறக்குனது அவரு கணக்கோட நின்னுரும். வாங்குதவன் மறுபடி காசு குடுக்கணும். அதான் பழைய டிஸ்க யாரும் சீந்த மாட்டேங்கான்."

அவள் தலையாட்டினாள். வழக்கம்போல அவன் பெட்டியை டிவியில் மாட்டி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பரில், இறால் கம்பெனி வேலை முடிந்து அவள் மறுபடி வந்து, தான் கொடுத்ததெல்லாம் இருக்கிறதா என்று கேட்டாள். பெட்டி எப்போதோ ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவருக்கு விலைபோயிருந்தது. அன்று விலை குறைத்த அந்த டிஸ்க் மட்டும் விற்காமல் கிடந்தது. "இந்தாங்க, சும்மாவே வச்சிக்கிடுங்க" என்று நீட்டினான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒருவாட்டி இங்கனயே போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி. அதுல எங்க வீடு இருக்கு."

லீவில் வரும்போதெல்லாம் புருஷனும் பெஞ்சாதியுமாக உட்கார்ந்து ஒரு தீவில் கட்டிய வீடு. அந்தத் தீவை ஜெனோ கல்யாண நாளுக்கு நெட்டில் வாங்கியிருந்தான். "நெசத்துல கட்டுறதுக்கு முந்தி இதுல கட்டிப் பழகுவோம்னு சொல்லுவாரு. ரெண்டு ரூம்பு. அடுப்படி மட்டும் நான் சொன்ன மாதிரி."

கட்டிய வீடு டிஸ்கில் பதியாது, பெட்டிக்குள்தான் இருந்தது, அதை அன்றைக்கே அழித்தாயிற்று என்பதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஜாய்சன் ஒருவழியாகச் சொல்லி முடித்தான். ஜெனோவின் கணக்கிலாவது மிச்சம் இருக்கலாம் என்று, இறப்புச் சான்றிதழை வைத்துக் கம்பெனிக்கு எழுதினான். பத்து நாளில் பதில் வந்தது: கணக்கு அதைத் தொடங்கியவருக்கு மட்டுமே உரியது; வேறு யாருக்கும் மாற்ற இயலாது.

கடைசியில், வீடு இல்லாவிட்டாலும் இடத்தையாவது பார்க்கட்டும் என்று அவனே தன் கணக்கில் அந்தத் தீவை வாங்கி, அவளை வரச்சொன்னான். திரையில் கடல் விரிந்தது. ஜெனிலா தடுமாறாமல் பாறைகளைத் தாண்டி, ஓடையைக் கடந்து மேட்டில் ஏறினாள்.

"இங்கனதான்."

அங்கே புல் மட்டும்தான் இருந்தது.

"அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டுட்டு அழிச்சிருக்கணும் தங்கச்சி. தப்பு எம்மேலதான்."

"எல்லாம் டிஸ்குல கெடையாதுன்னு நீங்க அன்னைக்கே சொல்லத்தான் செஞ்சீங்க. எனக்குத்தான் காதுல ஏறல."

பிறகு, எழவு வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். ஜெனோவின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். டிஸ்க் வாங்க வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். ஜாய்சன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே வெயிலில் போய் நின்றான்.

அழுகை ஓய்ந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டிஸ்கை எடுத்துக்கொள்ளவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்றாள். அதற்குப் பிறகு வரவில்லை.